கிணற்றுக்காரிக்கு முற்றும்

கிணற்றில் விழுந்து செத்தவள் ஏழாவது முறையாக எழுந்து வந்தாள். இந்த முறை டம்ளரிலிருந்து.

முதல் பாகத்தில் நிஜமான கிணறு ஒன்று இருந்தது. அதில் இறங்கி ஏற ஒரு நடிகையும், கயிறு பிடிக்க ஆட்களும் இருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் கிணற்று வாடகை கட்டுப்படியாகாமல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தாள். மூன்றில் டிரம். நான்கில் வாளி. ஐந்தில் குடம், ஆறில் செம்பு. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்பார்கள். கட்டெறும்புக்காவது கடிக்கத் தெரியும். ஏழாம் பாகத்தில் மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர், அதிலிருந்து நீளும் ஒரு பொம்மைக் கை, அவ்வளவுதான். கையில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை. 'கிணற்றுக்காரி' என்ற இந்தப் படவரிசை எந்தத் தியேட்டரின் வாசலையும் மிதித்ததில்லை. நேராக டிஸ்க்காகி, பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளில் சீப்புக்கும் பேட்டரிக்கும் நடுவே தொங்கும்.

இப்படிப்பட்ட படங்களை முழுதாக உட்கார்ந்து பார்த்து எழுதுவதற்கென்றே ஒரு மனிதர் இருந்தார். வார இதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் 'கொட்டாவி' என்ற பெயரில் எழுதுவார். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு நின்றுவிட, தெருவில் எல்லாருக்கும் அவர் கொட்டாவிதான். ஆறாம் பாகத்தைப் பற்றி இப்படி எழுதினார்: 'படத்தில் மூன்று பேர் சாகிறார்கள். கொடுத்துவைத்தவர்கள். மிச்சப் படத்தை அவர்கள் பார்க்க வேண்டியதில்லை.' ஏழாம் பாகத்துக்கு எழுதியதை இப்படி முடித்தார்: 'கிணறு டம்ளராகிவிட்டது. இனி ஸ்பூன் ஒன்றுதான் பாக்கி.'

அந்த இதழை வாங்குகிறவர்கள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார்கள். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, இவ்வளவு மோசமாகவா இருக்கும் என்று பார்க்கப் போய் அந்த டிஸ்க்கை வாங்குவார்கள். இது கொட்டாவிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பேனாவை மூடியிருப்பாரா என்பது சந்தேகம்தான். தவளை தன் வாயால் கெடும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். தான்தான் அந்தத் தவளை என்று எந்தத் தவளைக்குத் தோன்றுகிறது?

கண்ணில் பட்டதையெல்லாம் கிண்டல் செய்த மனிதர், ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் ஏழு பாகங்களிலும் ஒரு வரி எழுதியதில்லை. படம் முடியும்போது கிணற்றுக்காரி அலறுவாளே, அந்த அலறல். அது அவர் மனைவியின் குரல்.

டப்பிங் கூடத்தில் அவளுக்கு 'அலறலக்கா' என்று பெயர். கதாநாயகிக்குப் பேச ஒருத்தி, சிரிக்க ஒருத்தி, அலற இவள். கல்யாணமான புதிதில், கிணற்றுக்காரிக்கு அலற 'படவரிசை முடியும்வரை' என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். கதை என்றால் ஒருநாள் முடியும் என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். இத்தனைக்கும் வீட்டில் அவள் அலறியதே இல்லை. கணீரென்ற குரல். சமையலறையிலிருந்து அவள் கூப்பிட்டால் மாடி வீட்டுக்காரரும் சேர்ந்து "என்ன" என்பார். துணி உலர்த்தும்போது சுதி சேராமல் பாடுவாள். தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரோடு வாக்குவாதம் செய்வாள். அந்தக் குரல் இல்லாத வீடு கொட்டாவிக்குக் கற்பனையிலும் வராது.

ஏழாம் பாகத்துக்கு அலறிவிட்டு வந்த பிறகு குரல் கரகரத்தது. உப்புத்தண்ணீரில் கொப்பளித்தாள், கழுத்தில் சால்வை சுற்றினாள், எதற்கும் கட்டுப்படவில்லை. தொண்டை மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"பேசுங்க, பாடுங்க, வீட்டுக்காரரைத் திட்டுங்க. கத்தறது மட்டும் கூடாது. இன்னொரு தடவை கத்தினீங்கன்னா இருக்கறதும் போயிடும். அப்புறம் வாயைத் திறந்தா வெறும் காத்துதான்."

கொட்டாவி மறுநாளே டிஸ்க் முதலாளியிடம் ஓடினார். முதலாளி ஒரு பழைய குடோனில், விற்காத டிஸ்க்குகள் அடைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எட்டாம் பாகம் வேண்டாமே என்று கேட்டதும், கொட்டாவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார்.

"நானா எடுக்கறேன்? நாலாம் பாகத்தோட கடையை மூடலாம்னு இருந்தேன் சார். வாரியம் விடல. முற்றும் போடணும்னா அவங்கதான் போடணும்."

வாரியம் என்றால் தொடர்ச்சி நல வாரியம். தேவையில்லாத தொடர்ச்சிப் படங்கள் பெருகிவிட்டனவா என்று ஆராய, ஒரே ஒரு கோடைக்காலத்துக்காக அமைக்கப்பட்ட குழு அது. ஆம், பெருகிவிட்டன என்று குழு அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கைக்கு இரண்டாம் பாகம் தேவை என்றும் அதே அறிக்கையில் எழுதியிருந்தது. இரண்டாம் பாகத்தை எழுத ஒரு கட்டடம் தேவைப்பட்டது. கட்டடம் வந்ததும் அதைக் காக்க ஒரு வாரியம் தேவைப்பட்டது. இப்போது ஊரில் எந்தக் கதையும் அவர்கள் ஆணை இல்லாமல் முடிய முடியாது. முடித்தால் குற்றம்.

கொட்டாவிக்கு அங்கே ஆள் இருந்தது. மனைவியின் தம்பி வாரியத்தில் முன்கதைச் சுருக்கப் பிரிவில் சுருக்கம் வாசிப்பவனாக இருந்தான். நல்ல பையன், வீட்டுக்கு வந்தால் அக்கா காலடியிலேயே உட்கார்ந்து பேசுவான். அவனிடம் சொன்னால் ஒரு வழி பிறக்கும் என்று கொட்டாவி நினைத்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்கள் எல்லாருமே ஏதோ நல்லதை நினைத்துத்தான் விட்டுக்கொள்கிறார்கள்.

வாரியக் கட்டடத்தின் தரைத்தளம் பளிங்கு. முதல் மாடி அதேபோல, ஆனால் சிமெண்டில். இரண்டாம் மாடி அதேபோல, ஆனால் பலகையில். அதற்கும் மேலே போனால் சுவரில் கதவு மாதிரி வரைந்துதான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் அதே இடத்தில் அதே பூந்தொட்டி, அதே கடிகாரம், அதே முகமுள்ள காவலாளி. மூன்றாவது காவலாளிக்கு மீசை ஒட்டியிருந்தது. ஒரு ஓரம் கழன்றிருந்தது. அவர் கொட்டாவியைப் பார்த்து, "முன்னாடியே உங்களை எங்கேயோ பார்த்திருக்கேன்" என்றார். கீழ் மாடிக் காவலாளிகள் இரண்டு பேரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

தலைவர் அறைக்கு வெளியே மச்சினன் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு தாள்.

"மாப்ள, நான் உங்க தலைவரைக் கொஞ்சம் பார்க்கணும்."

"பார்க்கலாம் மாமா. சுருக்கம் படிக்காம யாரையும் உள்ள விடறதில்ல. கொஞ்சம் நில்லுங்க." எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்பின் தெரியாதவனுடைய குரலில் படித்தான். "இதுவரை. ஒருவர் பிறந்தார். கணக்கில் தேறவில்லை. ஆகவே எழுத வந்தார். ஒரு பெண்ணைப் பார்த்தார். அவள் குரலைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டார். படங்களைக் கிண்டல் செய்தார். இப்போது கதவுக்கு வெளியே நிற்கிறார்."

குரலைக் கேட்டுத்தான் கட்டிக்கொண்டார் என்பது உண்மைதான். ஆனால் அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

"இதை யாரு எழுதறா?"

"தெரியாது மாமா. காலைல மேசைல இருக்கும். படிப்பேன்."

தலைவர் அறையில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. முதல் தலைவர் எண்ணெய் ஓவியம். இரண்டாம் தலைவர் புகைப்படம். மூன்றாம் தலைவர் அந்தப் புகைப்படத்தின் நகல், மூக்கு சற்று மங்கலாக. அந்த மூன்றாமவர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். அசப்பில் மூவரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். நேரில் பார்த்தாலும் மூக்கு மங்கலாகத்தான் இருந்தது.

தலைவர் அன்பாகப் பேசினார்.

"முடிவுன்னா என்ன? நீங்க விமர்சகர், சொல்லுங்க."

"கதை முடியறதுங்க."

"இல்ல. ஜனங்க எழுந்துக்கறது. எழுந்தா கதவு எங்க இருக்குன்னு பார்ப்பாங்க. கதவைப் பார்த்தா வெளிய போவாங்க. வெளிய போனவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிப்பாங்க. அப்புறம் அவங்களா ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சுட்டா யாரு பொறுப்பு? அதனால நாங்க எழுந்துக்க விடறதில்ல. இதுக்குப் பேருதான் நலம்." தலைவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "நல்ல படத்துக்குத் தொடர்ச்சி எடுக்கறது யாராலயும் முடியும். யாருமே கேக்காத படத்துக்கு எடுக்கறோம் பாருங்க, அங்கதான் நிர்வாகத் திறமை வேணும்."

கொட்டாவி கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மனைவியின் தொண்டை, மருத்துவர் சொன்னது, எல்லாம். தலைவர் நடுநடுவே தலையாட்டினார். அப்புறம் முற்றும் ஆணைக்கான வழியைச் சொன்னார். எல்லாப் பாகங்களையும் பார்த்த ஒரு விமர்சகர், அடுத்த பாகத்தையும் அதிகாரிகள் முன்னிலையில் பார்க்க வேண்டும். பார்த்து, எதுவுமே உணரக் கூடாது. சிரிக்கக் கூடாது, பயப்படக் கூடாது, அழக் கூடாது. ஒரு மனிதனுக்குள் ஒன்றுமே அசையவில்லை என்றால் கதை செத்துவிட்டது என்று அர்த்தம். முற்றும் போட்டுவிடலாம்.

"அப்ப எட்டாம் பாகத்தை எடுக்கணுமே?"

"எடுக்காம, அது தேவையா இல்லையான்னு எப்படிச் சொல்ல முடியும்? எல்லாம் முறைப்படி நடக்கணும் இல்லையா."

"யாராச்சும் தேறியிருக்காங்களா?"

"ஒருத்தர் தேறினார். கடைசி வரைக்கும் முகத்துல ஒண்ணுமே காட்டல. விளக்கைப் போட்டுப் பார்த்தா ஆளு பாதியிலயே செத்திருக்காரு." தலைவர் வருத்தத்தோடு கோப்பையை வைத்தார். "அதைக் கணக்குல எடுத்துக்கல. ஆனா மரியாதையா அதை வெச்சு ஒரு படம் பண்ணினோம். மூணு பாகம்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு அலறல்தானே? அதோட முடிஞ்சுடும்ல?"

"டாக்டர் கூடாதுன்னாரே."

"டாக்டருங்க எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாங்க. ஒண்ணைக் கத்திட்டு, அப்புறம் ஆயுசுக்கும் உங்களைத் திட்டிக்கிட்டு சும்மா இருக்கேன். நீங்க முகத்தை மட்டும் ஒழுங்கா வெச்சுக்கோங்க. உங்க மேலதான் எனக்குச் சந்தேகம்."

சந்தேகம் நியாயமானதுதான். நாற்பது வயதுக்கு மேல் முகத்தைக் கல்லாக்குவது சுலபமில்லை. தினமும் சாயங்காலம் இருவரும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பழகினார்கள். அவள் டம்ளருக்குள் விரலை விட்டு ஆட்டி, கிணற்றுக்காரி மாதிரி முழிப்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அவருடைய பழைய விமர்சனங்களையே அவள் எடுத்து வாசிப்பாள். 'கொடுத்துவைத்தவர்கள்' என்ற இடம் வரும்போது அவளே சிரித்துவிடுவாள், சிரிப்பு இருமலாக மாறும், அவர் பதறி எழுந்து தண்ணீர் கொடுப்பார்.

அப்படி ஒருநாள் இருமி முடித்த பிறகு, தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாரையும் எழுதியிருக்கீங்க. அந்தப் பொம்மைக் கையைப் பத்திக்கூட நாலு வரி எழுதினீங்க. என் குரலைப் பத்தி ஒரு வரி உண்டா?"

"சொந்தப் பொண்டாட்டியைப் பத்தி எழுதினா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றது இருக்கட்டும். எனக்குத் தெரியணும். நல்லா இருந்துச்சா இல்லையா?"

கொட்டாவிக்குப் பதில் தெரியும். அவளுடைய ஒவ்வொரு அலறலையும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டிருந்தார். ஆனால் கிண்டலில் மட்டுமே பழகிய நாக்கு, உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. "முற்றும் போடட்டும், சொல்றேன்" என்றார்.

ஒலிப்பதிவுக்குப் போய் வந்த அன்று அவள் கழுத்தில் சால்வை இருந்தது. பேசவில்லை. கொஞ்ச நாளைக்குப் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதுபோல் உதட்டில் விரலை வைத்துக் காட்டிச் சிரித்தாள். அவரும் நம்பினார். நம்புவதற்கு ஆசையாக இருந்தால் மனிதன் எதையும் நம்புவான். வீடு அமைதியாக இருந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, ஊருக்குப் போயிருந்தீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தேர்வு நாளன்று மச்சினன் வழக்கம்போல் எழுந்து நின்றான். ஆனால் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுவரை. ஒரு பெண் டம்ளருக்குள் விரலை ஆட்டினாள். நல்லா இருந்துச்சா என்று கேட்டாள். கணவர் பதில் சொல்லவில்லை. சால்வையோடு வந்தாள். மாடி வீட்டுக்காரர் விசாரித்தார்." இரண்டாவது தாளைப் புரட்டினான், ஒரு கணம் பார்த்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"மிச்சம்?"

"அதை நீங்க வெளிய வந்தப்புறம் படிக்கச் சொல்லியிருக்காங்க மாமா."

"வீட்டுக்குள்ள பேசினதெல்லாம் இவங்களுக்கு எப்படி மாப்ள தெரியுது? நீ சொன்னியா?"

"சத்தியமா இல்ல." அவன் மேசையைப் பார்த்தான். "போன வாரம் என்னோட சுருக்கமும் மேசைல இருந்துச்சு. நானே நின்னு எனக்குப் படிச்சுக்கிட்டேன்."

உள்ளே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, திரை, ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியைச் சுற்றித் திரைக்கு முதுகு காட்டிக்கொண்டு நான்கு அதிகாரிகள் நின்றார்கள். ஒருவர் உதட்டைக் கவனிப்பவர். ஒருவர் கண்ணை. ஒருவர் கையில் மயிர் சிலிர்க்கிறதா என்று பார்க்கக் குனிந்தே நின்றார். நான்காமவர் தாடைக்கு.

"கொட்டாவி விட்டாலும் கணக்குதாங்க" என்று தலைவர் பின்னாலிருந்து சொன்னார். "சலிப்பும் ஒரு உணர்ச்சிதான். சலிப்பை நம்பித்தான் பாதிப் படம் ஓடுது. உங்க பேரைக் கேட்டதும் இவரை விசேஷமா வரவழைச்சோம்." தாடை அதிகாரி லேசாகக் குனிந்து வணங்கினார்.

படம் ஓடியது. கொட்டாவி எழுதியபடியே ஸ்பூன் வந்தது. நெருக்கத்தில் ஒரு ஸ்பூன், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர். கதாநாயகன் அதைப் பார்த்துப் பின்வாங்கினான். ஸ்பூன் நகர்ந்து வந்தது. அதைக் கட்டியிருந்த நூலும் வந்தது. காவல்துறை அதிகாரி ஒருவர் ஸ்பூனைக் கைது செய்து, கைதிக்கான உரிமைகளை அதற்குப் படித்துக்காட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வயதான விஞ்ஞானி ஒருவர் சிந்தித்து, "இது சாதாரண ஸ்பூன் அல்ல, சூப் ஸ்பூன்" என்றார். சாதாரண நாளாக இருந்தால் கொட்டாவி தரையில் உருண்டிருப்பார். இப்போது நாக்கின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு, திரையின் மூலையில் இருந்த ஒரு கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டுக்காரர் உதட்டைப் பார்த்தார், தாடைக்காரர் தாடையைப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மயிர்க்காரர் ஒருமுறை பெருமூச்சு விட்டார். தேறிவிடுவோம் என்று கொட்டாவிக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. இன்னும் கடைசிக் காட்சி மட்டும்தான். அது முடிந்தால் அவளை வாய் நிறையத் திட்டச் சொல்லிக் கேட்கலாம்.

ஸ்பூன் கவிழ்ந்தது. அலறல் வந்தது.

அது அவளுடைய பழைய அலறலாகத்தான் தொடங்கியது. அறையின் சுவரெல்லாம் அதிர்ந்தது. பிறகு நடுவில் ஓரிடத்தில் பழைய துணி கிழிவதுபோல் கிழிந்தது. அதற்குப் பிறகு குரல் இல்லை, காற்றுதான். அந்தக் காற்றையும் விடாமல், காட்சி முடிகிறவரைக்கும் எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீளத்துக்கு, அவள் இழுத்துக்கொண்டே போனாள். ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை. உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாளே, அது எதற்கு என்று கொட்டாவிக்கு அப்போதுதான் புரிந்தது.

"வலது கண்ணு, ஐயா" என்றார் கண் அதிகாரி. சற்றுப் பொறுத்து, "இடதும்."

விளக்குகள் எரிந்தன. நான்கு அதிகாரிகளும் ஒருவரோடொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"பார்த்தீங்களா" என்றார் தலைவர். அவர் குரல் நெகிழ்ந்திருந்தது. "ஏழு பாகத்துல கிடைக்காத ஒண்ணு எட்டாவதுல கிடைச்சிருக்கு. அவசரப்பட்டு முடிச்சிருந்தா இது நமக்குக் கிடைச்சிருக்குமா?"

"ஐயா, நான் படத்துக்கு அழல. என் பொண்டாட்டிக்கு அழுதேன்."

"எல்லாரும் அப்படித்தாங்க. படத்துக்குன்னு எவன் அழறான்? ஒவ்வொருத்தனுக்கும் வீட்டுல ஒண்ணு இருக்கு. அதுக்கு இங்க வந்து அழறான். அதுதானே எங்க மூலதனம்."

"அவளுக்குக் குரலே போயிடுச்சு. இனி எப்படி அலறுவா?"

"அலற வேணாம்." தலைவர் தோளில் கை வைத்தார். கை எடையே இல்லாமல் இருந்தது. "அந்தக் காத்து போதும். ஒன்பதாம் பாகத்துல கிணறு இல்ல, தண்ணி இல்ல, குரலும் இல்ல. செலவு எவ்வளவு குறையுது பாருங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். உங்க பக்கத்தைப் படிச்சுட்டுத்தானே ஜனங்க டிஸ்க்கை வாங்கறாங்க, ஸ்பூனும் உங்க யோசனை."

வெளியே மச்சினன் மடித்த தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றான். படிக்காமல் நீட்டினான். கொட்டாவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். காலையிலேயே தட்டச்சு செய்த தாள். 'பிறகு அவர் அழுதார்' என்று மட்டும் இருந்தது.

வீட்டில் மனைவி வெந்நீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்ததும் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். சிவந்த கண்ணைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள். வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவருக்கு அது போதும்.

"அழுதுட்டீங்களா?"

தலையாட்டினார். திட்டுவாள், உடைந்துபோவாள், சுவரில் முட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் அருகே வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அலறினதுக்கா?"

மறுபடியும் தலையாட்டினார்.

அவள் முகம் மலர்ந்ததைக் கொட்டாவி சாகும்வரை மறக்க மாட்டார். இப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவர் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஏழு பாகங்களும் வரவைக்காத பயம்.

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு" என்றார். இப்போது நாக்கு ஒட்டவில்லை. "எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் மேசையைக் காட்டினாள். பேனாவை எடுத்து அவர் விரல்களுக்குள் திணித்தாள். ஒரு வரி, என்று விரலால் காட்டினாள். எழுதினால் ஜனங்கள் படிப்பார்கள், படித்தால் வாங்குவார்கள், வாங்கினால் என்ன ஆகும் என்பது இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் பறிகொடுத்த குரலுக்கு ஒரு வரியாவது மிஞ்ச வேண்டும் என்று கேட்கிறவளிடம் முடியாது என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு நெஞ்சு வரும்?

உட்கார்ந்து எழுதினார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கிண்டல் இல்லாத ஒரு வரி. 'எட்டாம் பாகத்தில் ஓர் அலறல் இருக்கிறது; அதைக் கேட்ட பிறகு என் வீட்டில் எனக்கு வேறெந்தச் சத்தமும் கேட்கவில்லை.' அவள் தோள் மேலாகக் குனிந்து படித்தாள், இரண்டு தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. வாரியத்து வண்டி. ஒன்பதாம் பாகத்துக்கு அழைத்துப்போக வந்திருந்தது. அவள் தலையை வாரிக்கொண்டு, சால்வையை எடுத்துச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

கொட்டாவி ஜன்னலுக்குப் போனார். வண்டியின் பக்கவாட்டில் புதுச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. மேலே கிணற்றுக்காரி, ஒன்பதாம் பாகம். அதன் கீழே, மேசைமேல் இன்னும் மை காயாமல் கிடந்த அந்த வரி, ஓர் எழுத்துகூட மாறாமல், பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அடியில் அவர் பெயர். கொட்டாவி இல்லை, பெற்றோர் வைத்த பெயர்.

மனைவி ஏறுவதற்கு முன் நின்று அதை நிதானமாகப் படித்தாள். பிறகு ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, கையை ஆட்டி, வாயை நன்றாகத் திறந்து ஏதோ சொன்னாள். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தியிருந்தார். தெருவில் வேறு வண்டிகளும் இல்லை. ஆனாலும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.